கண்ணை மூடாமல் சுடக்கூடிய துப்பாக்கி

மகனே,

வெள்ளிக்கிழமை பின்னேரம் நீ உன் சிநேகிதி மரி-ஈவோடும் அவளுடைய அப்பா றெஜானோடும் மான் வேட்டைக்குப் புறப்படுகிறாய். அதற்கு முன் இதை வாசித்துவிடு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நீ படித்தது மெதுவாக வாசிக்கப் போதும். மெதுவாக வாசிப்பதுதான் எனக்கும் வேண்டும். நேரே சொல்லியிருக்கலாம். வாயால் சொன்னால், அம்மா திரும்பவும் தொடங்கிவிட்டா என்று சிரித்தபடி காதில் பாட்டுக் கம்பியைச் செருகிக்கொள்வாய். நான் பயந்தவள் என்பது இந்த வீட்டில் ஒரு பகிடியாகிவிட்டது. பனிக்காலத்தில் நீ வாகனம் ஓட்டினால் பயம், மெட்ரோவில் கடைசி ரயிலில் வந்தால் பயம். அதனால் துப்பாக்கிக்கும் அதே பயம்தான் என்று நீ நினைக்கிறாய். இது வேறு. இதை இன்றைக்குத்தான் எனக்கே சொல்லிப் பார்த்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்தபோது உன் வலது புருவத்துக்கு மேலே ஒரு வெட்டு இருந்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் அலுமாரிக் கதவு பட்டுவிட்டது என்றாய். உன் அப்பா நம்பினார். மஞ்சள் பூசு என்றார். நான் கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிற வேலை செய்கிறேன். காயத்துக்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியாது, ஆனால் நிறையப் பார்த்திருக்கிறேன். கதவின் விளிம்பு நேராக வெட்டும். உன்னுடையது பிறை மாதிரி வளைந்திருந்தது. மறுநாள் காலையில் நீ சட்டை போடாமல் பல் தீட்டிக்கொண்டு நின்றபோது வலது தோள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்ததையும் கண்டேன். கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு கதவைக் கண்டுபிடிப்பாய்.

லாசால் நூலகத்தில் என்னை எல்லோருக்கும் தெரியும். வருடக்கணக்காக நாவலும் பயணக் கதையும் எடுத்துப் போகிறவள் வேட்டைத் துப்பாக்கிகள் பற்றிய புத்தகங்களை மேசையில் அடுக்கியதும், அங்கே இருக்கிற பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். மதாம் வேட்டைக்குப் போகிறீர்களா என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டிவிட்டேன். விளக்கம் சொல்ல என் பிரெஞ்சு போதாது. பிறகு அங்கேயுள்ள கணினியில் நேரம் பதிந்து, வேட்டைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிக்கிற பக்கங்களையும் வாசித்தேன். மானுக்கு எந்தக் கலிபர் சரி என்பதில் அவர்கள் போடுகிற சண்டையைப் பார்த்தால் நம்முடைய கோவில் நிர்வாகசபைக் கூட்டம் எவ்வளவோ அமைதியானது. புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உன் அப்பா ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டு, "என்னகா, நீயும் போகப்போறியா? அப்ப மான் நோகாமச் சாகிற துப்பாக்கி ஒண்டு இருக்கா எண்டு அதில பார்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் புத்தகங்கள் முழுவதும் கடைசியில் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

கலிபர் என்பது குழாயின் உள்வாய் அகலம் என்று நீதான் எனக்குச் சொன்னாய். எண் கூடினால் துப்பாக்கியும் பெரிது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. றெஜான் உனக்குத் தந்திருக்கிற 300 மாக்னம் துப்பாக்கியும், இங்கே பலரும் மானுக்கு வைத்திருக்கிற 308-ம் ஒரே அகலமான குண்டைத்தான் சுடுகின்றன. வித்தியாசம் குண்டுக்குப் பின்னால் இருக்கிற பித்தளைக் கூட்டில். மாக்னத்தின் கூடு நீளம், வயிறும் பெருத்தது. அதற்குள் வெடிமருந்து கூட. அந்த மருந்து குண்டை எவ்வளவு பலமாக முன்னே தள்ளுகிறதோ, துப்பாக்கியையும் அவ்வளவு பலமாகப் பின்னே தள்ளும். பின்னே இருப்பது உன் தோள். துப்பாக்கிக் கட்டையைத் தோளில் சரியாக இறுக்காமல், கண்ணை அதன் மேலே பூட்டியிருக்கிற தொலைநோக்கிக்குக் கிட்டக் கொண்டுபோனால், அதன் வளையம் வந்து புருவத்தில் அடிக்கும். காயம் பிறை மாதிரி இருக்கும் என்று ஒரு புத்தகத்தில் எழுதியிருந்தது. அந்த வரியில் விரலை வைத்து இன்னொரு தரம் வாசித்தேன். குதிரை உயரம் வருகிற மூஸ் என்கிற பெரிய காட்டுமானைச் சுடுவதற்கான துப்பாக்கி அது. நீ சுடப்போகிற மான் உன்னை விடக் கொஞ்சம்தான் பாரம் கூட இருக்கும்.

அதை நீ ஏன் வாங்கினாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நீ வாங்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். செப்டம்பரில் அவர்கள் வீட்டு விருந்து. உன் அப்பா மான் இறைச்சியை இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு, சமையற்காரனுக்கே உரிய முகத்தோடு இதில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று மரி-ஈவின் அம்மாவைத் துருவிக்கொண்டிருந்தார். றெஜான் உள்ளே போய் ஒரு கம்பளியில் சுற்றி அதைக் கொண்டுவந்தார். தன்னுடைய நல்ல காலத்துத் துப்பாக்கி, இந்த இலையுதிர் காலத்தில் நீ கொண்டுபோ என்றார். மரி-ஈவ் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றபடியே, அவன் என்னுடைய 243 துப்பாக்கியை எடுக்கட்டுமே அப்பா என்று சொன்னாள். றெஜான் சிரித்தார். அது சின்னப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தது என்றார். உன் காது சிவந்ததைப் பார்த்தேன். நீ எழுந்து நின்று, கொஞ்சம் குனிந்து, இரண்டு கையாலும் அதை வாங்கினாய். பெரியவர்கள் தருவதை அப்படி வாங்க வேண்டும் என்று உனக்குச் சொல்லித் தந்தது நாங்கள்தான். றெஜானுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அவர்கள் வீட்டில் ஒருவரும் அப்படி வாங்கமாட்டார்கள். அவருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. இரண்டு கையால் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க எங்கள் ஆட்களுக்கு வராது.

உன் அப்பாவின் சப்பாத்துக் கதையை நீ கேள்விப்பட்டிருக்கிறாய், முழுவதும் இல்லை. நாங்கள் வந்த முதல் பனிக்காலம். டவுன்டவுனில் அவர் கோப்பை கழுவிய உணவகத்தின் முதலாளி, இவர் ஊர்ச் சப்பாத்தோடு பனிக்குள் வருவதைக் கண்டு மனம் கேளாமல் தன்னுடைய பனிச் சப்பாத்தைக் கொடுத்தார். அந்த மனிதர் நல்ல உயரம். உன் அப்பாவின் கால் உனக்குத் தெரியும். உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்துக்கொண்டு, தொட்டிக்குள் நிற்கிறவர் போல அதைப் போட்டுக்கொண்டு திரிந்தார். அளவில்லை என்று சொல்லுங்கள் என்றேன். "தந்த மனிசன்ர மனம் நோகும்" என்றார். வீட்டுக்கு வெளியே இருந்த இரும்புப் படியில், ஒரு காலைப் பின்தொடர மற்றச் சப்பாத்து மறந்துபோய், மேலிருந்து கீழே வந்து விழுந்தார். மழைக்காலத்தில் உளைகிறது என்று அவர் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிற மணிக்கட்டு அதுதான். முதலாளி பார்க்க வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டுக் கட்டிலின் கீழே கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். பெரிதென்று ஏன் சொல்லவில்லை, என் மகனுடைய சப்பாத்து வீட்டில் சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டார். அவர் மனம் நோகத்தான் செய்தது, ஆனால் சொல்லாததற்கு.

இவ்வளவும் தெரிந்தும் நான் உன்னிடம் ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தேன். உனக்கு இருபது வயது. உன்னைப் பெற்றபோது எனக்கும் அதே வயது. அந்த வயதில் எனக்கு யாராவது புத்தி சொல்ல வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடம் எடுத்து, பரீட்சை எழுதி, அனுமதி வாங்கியிருக்கிறாய். தோள் கன்றினால் கன்றட்டும், ஒரு தரம் போய்விட்டு வந்தால் உனக்கே விளங்கும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமைதான் எல்லாம் மாறியது.

அன்றைக்கு நீ வகுப்பில் இருந்தாய். நான் வேலை முடிந்து வந்து உடுப்பு மாற்றவில்லை, மரி-ஈவ் கதவைத் தட்டினாள். உன் அப்பா இறால் கறி கொடுத்துவிட்ட டப்பாவைக் கொண்டுவந்திருந்தாள். வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நீ சொல்லிக் கொடுத்தாயாம். உள்ளே அப்பிள் இருந்தது. டப்பாவைத் தந்த பிறகும் போகவில்லை. தேத்தண்ணி போட்டேன். கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன், வேறு தமிழ் எனக்கு வராது.

"மதாம், உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். அவன் சுடுறதுக்கு முன்னம் வாயைத் திறக்கிறான். ஏன்?"

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து அவள் செய்து காட்டினாள். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி, இல்லாத துப்பாக்கியைப் பிடித்து, வாயைத் திறந்து, கண்ணை இறுக்கி மூடினாள். "இப்பிடி. ஆரோ சோறு தீத்தப் போற மாதிரி. அதுக்குப் பிறகுதான் விசையை இழுக்கிறான்."

மணற்கிடங்கில் நீங்கள் சுட்டுப் பழகிய நாட்களில் அவள் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நாள் உனக்குத் தெரியாமல் மருந்தில்லாத போலித் தோட்டாவைத் துப்பாக்கியில் போட்டுத் தந்தாளாம். அவளுக்குச் சுடப் பழக்கியபோது றெஜான் செய்த வேலையாம் அது. தோட்டா வெடிக்கப்போவதில்லை, சுடுகிறவனுக்கு அது தெரியாது. கை அமைதியாக இருந்தால் விசை டிக்கென்று மட்டும் கேட்கும், குழாய் அசையாது. நீ இழுத்தபோது டிக்கென்று கேட்டது. குழாயின் வாய் நிலத்தை நோக்கிக் குத்தி இறங்கியது. உன் கண் மூடியிருந்தது, வாய் திறந்திருந்தது. தோட்டா பழுது என்று நீ சிரித்தாய். ஓம், பழுதாக இருக்கும் என்று அவளும் சொன்னாள்.

"அப்பாட்ட சொல்லல்ல மதாம். சொன்னா அவனைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார், அவனுக்கு வெக்கமாப் போயிரும். சொல்லாம விட்டா..." என்று நிறுத்தினாள். பிறகு, "வேட்டையில நான் ஓடைக்கு மற்றப் பக்கம்தான் இருப்பன்" என்றாள்.

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. இன்னொன்று போடுகிற சாட்டில் எழுந்து, அடுப்படியில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நீ ஏன் வாயைத் திறக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டில் அது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அவளிடம் சொல்லவில்லை. முதலில் உனக்குச் சொல்ல வேண்டும்.

மட்டக்களப்பில் நான் இருந்த தெருவில் இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். செல் குண்டு வருகிற சத்தம் கேட்டால் குப்புறப் படு, கண்ணை இறுக்கி மூடு, காதைப் பொத்து, வாயைத் திற. வாய் மூடியிருந்தால் அதிர்ச்சியில் காது கிழிந்துவிடும் என்பார்கள். அது உண்மையா என்று நான் எந்தப் புத்தகத்திலும் தேடிப் பார்க்கவில்லை. எங்களுக்கு அது பழகிப்போயிற்று, தும்மல் வரும்போது முகத்தைத் திருப்புவது போல. பிறகு இங்கே வந்தோம், நீ பிறந்தாய். கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் இருந்த மாடி வீட்டுக்குப் பின்னால் ஒரு பூங்கா இருந்தது. ஜூன் மாதத் திருநாளுக்கு அங்கே வாணம் விடுவார்கள். உனக்கு அப்போது இரண்டு வயது இருக்கும். முதல் வெடி கேட்டதும் நான் உன்னைத் தூக்கிக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டேன். வாணம் என்று எனக்குத் தெரியும். யன்னலில் சிவப்பும் பச்சையும் தெரிந்தது. இருந்தாலும் போனேன். நீ என் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாய். நீ அழக்கூடாது என்று நான் அதை ஒரு விளையாட்டாக்கினேன். கண்ணை மூடு, ஆ காட்டு என்பேன். நீ மூடுவாய், ஆ காட்டுவாய். வெளியே வெடிக்கும். வெடித்த உடனே உன் வாயில் ஒரு துண்டுக் கற்கண்டு. இன்னொன்று, இன்னொன்று என்று நீ கேட்டாய். அதற்குப் பிறகு வருடா வருடம், பூங்காவில் வெடி தொடங்கினால் நீயாகவே மேசைக்குக் கீழே ஓடிப்போய், கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தபடி காத்திருப்பாய். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு விட்டுவிட்டாய். மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

அதைப் பிழை என்று சொல்லி உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அந்த மேசைக்குக் கீழே அது சரிதான். நீ பயப்படாமல் வளர்ந்தாய், நான் ஒருத்தி பயந்தால் போதும் என்று இருந்தேன். ஆனால் நான் உனக்குச் சொல்லித் தந்தது வெடி யாரோ போடுகிற உலகத்துக்கானது. அங்கே நமக்கு ஒரு வேலையும் இல்லை, பொறுத்துக்கொண்டிருந்தால் முடிந்துபோகும். காட்டில் வெடி உன் கையில் இருக்கிறது. அதைப் போடுகிறவன் கண்ணை மூடக்கூடாது.

என்னுடைய பயத்தை இப்போது சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் தங்கம் அக்கா இருந்தா. என்னை விடப் பத்து வயது மூப்பு. எனக்கு வாசிக்கப் புத்தகம் தருவதும், வாசித்ததும் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லி நச்சரிப்பதும் அவதான். ஒரு நாள் காலை பதினொரு மணியிருக்கும். சண்டை ஒன்றும் இல்லை, சந்தை கூடியிருந்தது. முழுகிவிட்டு வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவ அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. நாங்கள் தலைசுற்று என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு ஓடினோம். சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை. குண்டு எங்கிருந்து வந்தது என்று பிறகு பெரியவர்கள் கூடிக் கதைத்தார்கள். வாவிக்கு அந்தப் பக்கம், காவல் அரணில் யாரோ எதையோ சுட்டிருக்கிறார்கள் என்றார்கள். நாயைச் சுட்டானோ, தேங்காயைச் சுட்டானோ, சும்மா சுட்டானோ. தங்கம் அக்காவை அவன் காணவே இல்லை. அவ செத்தது அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. அவன் அன்றைக்குப் பின்னேரம் தாய்க்குக் கடிதம் எழுதியிருப்பான், நல்ல சுகம் என்று. தாயும் அதை நம்பியிருப்பா.

அந்தத் தாயைப் பற்றி நான் இத்தனை வருடம் நினைத்ததில்லை. செவ்வாய்க்கிழமை மரி-ஈவ் போன பிறகு நினைத்தேன். மகனே, சுடப்படுகிற பக்கத்தில் இருக்கிற பயம் எனக்குப் பழகிவிட்டது. அதோடு சாப்பிட்டு, அதோடு வேலைக்குப் போய், அதோடு உன்னை வளர்த்துவிட்டேன். சுட்டவனுடைய அம்மாவாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. மானுக்கு வைத்த குண்டு மானைத் தவறினால் நின்றுவிடுவதில்லை. மானுக்குள்ளே புகுந்தாலும் சிலவேளை மற்றப் பக்கத்தால் வெளியே போகும், மாக்னம் என்றால் இன்னும் வேகமாகப் போகும். மரம் தடுக்காவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் போகும் என்று எழுதியிருக்கிறார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குள் அது எங்கே போயிற்று என்று உனக்குத் தெரியாது. ஓடைக்கு மற்றப் பக்கம் உன் மரி-ஈவ் இருக்கிறாள்.

இதையெல்லாம் நான் கற்பனை பண்ணுகிறேனோ என்று எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. இன்றைக்குக் காலையில் அதுவும் போய்விட்டது. நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கீழே குப்பை வண்டி இரும்புத் தொட்டியைத் தூக்கி நிலத்தில் போட்டதே, ஞாபகமா? கட்டிடமே அதிர்ந்தது. நான் கண்ணைத் திறந்தபோது உன் அப்பா பாணைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு மீன் மாதிரி வாயைப் பிளக்கிறயள்" என்றார்.

நீ சிரித்தாய். "இவவுக்குத்தான் பயம். எனக்குக் கொட்டாவி" என்றாய். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். உன் முகத்தை நான் காணவில்லை, ஏனென்றால் என் கண்ணும் மூடியிருந்தது. அப்போதுதான் இதை எழுத வேண்டும் என்று முடிவெடுத்தேன். வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு இருந்து எழுதுகிறேன்.

இனி நான் கேட்பதைச் சொல்கிறேன். றெஜானின் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடு. மரி-ஈவின் 243-ஐக் கேள். இங்கே மானுக்கு அது போதுமா என்று தேடித் தேடி வாசித்தேன். போதும். உங்கள் காட்டில் மரங்களுக்கிடையில் தூரமாகப் பார்க்கவே முடியாது என்று நீயே சொன்னாய். அந்தத் தூரத்துக்கு அதன் குண்டு தாராளம், இடம் சரியாகப் பட்டால். முன்னங்காலுக்குப் பின்னால், கை அகல இடம். இதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய குண்டென்றால் மான் உடனே விழும், வதைபடாது என்று உன் அப்பா நினைக்கிறார், நானும் நினைத்தேன். மாக்னத்தால் வயிற்றில் சுட்டால் அந்த மான் காட்டுக்குள் ஓடிப்போய் எங்கேயோ கிடந்து மெதுவாகச் சாகும். 243-ஆல் சரியான இடத்தில் சுட்டால் கொஞ்சத் தூரத்தில் விழுந்துவிடும். மானுக்கு நல்லது செய்வது கண் திறந்திருக்கிற கைதான். 243 தோளில் மெதுவாகத் தட்டும், சத்தமும் குறைவு. எந்தக் கலிபர் நல்லது என்று அந்தப் பக்கங்களில் நூறு பேர் நூறு விதமாக எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் வாசித்த பிறகு எனக்கு விளங்கியது ஒன்றுதான்: நீ கண்ணை மூடாமல் சுடக்கூடிய துப்பாக்கி எதுவோ, அதற்கு மேலே ஒரு எண்ணும் வேண்டாம். 

அவளுடைய துப்பாக்கி என்பதுதான் உனக்கு உறுத்தும். பதின்மூன்று பதினான்கு வயதிலிருந்து அதை வைத்து மான் சுடுகிறவள் அவள். அவர்கள் வீட்டில் நாங்கள் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டோமே, அந்த இறைச்சி அந்தச் சின்னப் பிள்ளைத் துப்பாக்கியால் வந்தது என்று மரி-ஈவின் அம்மா உன் அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறா. அவளுக்கு வேறொரு துப்பாக்கியும் இருக்கிறது, அதையும் கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை புறப்படுமுன் மணற்கிடங்கில் அவளைத் துப்பாக்கியை நிரப்பித் தரச் சொல். ஒரு தரம் உண்மைத் தோட்டா, ஒரு தரம் போலி, எது எப்போது என்று உனக்குத் தெரியக்கூடாது. டிக்கென்று மட்டும் கேட்கிறபோது குழாய் அசையாமல் இருந்தால் காட்டுக்குப் போ. அதோடும் குத்தி இறங்கினால், துப்பாக்கி இல்லாமல் அவள் பக்கத்தில் இருந்து தேத்தண்ணிப் போத்தலைப் பிடித்துக்கொள். அடுத்த வருடமும் மான் வரும்.

றெஜானிடம் நீதான் சொல்ல வேண்டும். அவருடைய தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. நேற்றுத் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். நான் சொன்னால் உன் கையில் இருப்பதை அம்மா வந்து பறித்ததாகிவிடும். ஒரு வசனம் போதும்: இது எனக்குப் பெரிது. என்னை விட உனக்கு நல்ல பிரெஞ்சு வரும். வேண்டுமானால் அதையும் இரண்டு கையாலேயே திருப்பிக் கொடு, குனிந்தே கொடு. சப்பாத்துக் கொடுத்த மனிதர் போல இவரும், முதலே ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்பார். ஒருவேளை சிரிப்பார். சிரித்தால் சிரிக்கட்டும். அன்றைக்கு உன் காது சிவந்தது போல இன்னொரு தரம் சிவக்கும், அவ்வளவுதான்.

உன்னுடைய தோடம்பழச் செம்மஞ்சள் நிற வேட்டை மேலங்கியைத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன். பளிச்சென்று இருக்கிறது, எவ்வளவு தூரத்திலும் தெரியும். அதன் இடது பையில் ஒரு பொட்டலம் கற்கண்டு வைத்திருக்கிறேன். சுடும்போது வாயை மூடிக்கொள். குண்டு போய் நின்ற இடத்தை உன் கண்ணால் கண்ட பிறகு, நீயே ஒரு துண்டை எடுத்து வாயில் போடு. மரி-ஈவுக்கும் ஒன்று கொடு.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்து சப்பாத்தைக் கழற்றும்போது நான் அடுப்படியில் இருப்பேன். மான் கிடைத்ததா என்று உன் அப்பா கேட்பார். நான் ஒன்றைத்தான் கேட்பேன்: குண்டு எங்கே போனது? மானில் என்று சொல், மணலில் என்று சொல், மரத்தில் என்று சொல், சுடவே இல்லை என்று சொல். எது சொன்னாலும் உனக்குச் சோறு போடுவேன். தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே.

அம்மா